ஒரே பாட்டு, இரண்டு பிளேயர்: யாழ்ப்பாணத்து வீட்டில் ஒப்பிட்டுக் கேட்கும் முறை

விலை கூடிய இரண்டு சிடி பிளேயர்களை அருகருகே வைத்து ஒரே பாட்டைப் போட்டால், அரை நிமிசத்துக்குள் ஒன்று மற்றதை விடத் துலக்கமாக இருக்கிறது என்று மனம் சொல்லிவிடும். பெரும்பாலும் அது கொஞ்சம் சத்தம் கூடிய பிளேயராகத்தான் இருக்கும். சிடி பிளேயரின் உச்ச வெளியீடு 2 வோல்ற் என்பது பொதுவழக்கு. ஆனால் நடைமுறையில் ஒன்று 2 வோல்ற் தரும், இன்னொன்று 2.3 தரும், வேறொன்று 2.5ஐத் தொடும். 2 வோல்ற்றுக்கும் 2.3 வோல்ற்றுக்கும் உள்ள வித்தியாசம் 1.2 டெசிபெல். இவ்வளவு சிறிய கூடுதலைக் காது சத்தமாக எடுத்துக்கொள்வதில்லை. குரல் முன்னுக்கு வந்த மாதிரி, மிருதங்கத்தின் தொப்பி கனத்த மாதிரித்தான் அது படும். கடைக்காரர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் நடப்பது இதுதான்.

இலட்சக்கணக்கான ரூபாவை அந்த 1.2 டெசிபெல் தீர்மானிக்கக் கூடாது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடியக்கூடியவை. தேவைப்படுவது ஒரு நல்ல மல்ரிமீற்றர், ஒரே பதிப்பில் இரண்டு இறுவட்டுகள், உதவிக்கு ஓராள்.

முதலில் கரண்டைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்கு நல்ல பிளேயர்கள் வருகிற வழிகள் தெரிந்தவைதான்: கொழும்புக் கடைகள், யப்பானில் பாவித்து இறக்குமதியானவை, வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் கொண்டுவருபவை. லண்டன், சுவிஸ், ஜேர்மனியிலிருந்து வந்தது 230 வோல்ற், கவலையில்லை. கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ற்றாக இருக்கலாம். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது 100 வோல்ற். பின்பக்க லேபலை வாசிக்காமல் எதையும் கொழுவ வேண்டாம்.

100 வோல்ற் பிளேயருக்கு நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, கையில் இருக்கிற 110 வோல்ற் ஸ்ரெப்டவுனை (வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமரை) கொழுவுவது. 230க்கு 110 தரும் ஸ்ரெப்டவுன், இரவில் லைன் 240க்கு ஏறும்போது கிட்டத்தட்ட 115 வோல்ற் தரும். பிளேயருக்கு அது 15 சதவீதம் அதிகம். உடனே எரியாது. உள்ளே இருக்கும் ரெகுலேற்றர்கள் அளவுக்கு மீறிச் சுடும், அருகிலிருக்கும் கப்பாசிற்றர்களின் ஆயுள் குறையும், ஓரிரு வருசத்தில் பழுது வரும். 230/100 என்று எழுதியதையே தேடி வாங்குங்கள். சிடி பிளேயர் பெரும்பாலும் 10 முதல் 30 வாற் வரைதான் இழுக்கும் என்பதால் 100 விஏ அளவு போதும். கனடாச் செற்றில் 60 ஹேட்ஸ் என்று மட்டும் இருந்தால் நமது 50 ஹேட்ஸில் அதன் ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சுடும். 50/60 என்று இருந்தால் பிரச்சினையில்லை.

ஐரோப்பிய இரண்டு முனைப் பிளக்கை, மூன்று ஓட்டை சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டுத் திறந்து செருகுவது பல வீடுகளில் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒழுங்கான அடப்டர் போடுங்கள். ஒப்பிடும் இரண்டு பிளேயரும் அம்பிளிபயரும் ஒரே மல்ரிபிளக்கிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். வெவ்வேறு சொக்கற்றிலிருந்து எடுத்தால் எர்த் வித்தியாசத்தால் இரைச்சல் வரலாம். இரைச்சல் வந்தாலும் அம்பிளிபயரின் எர்த் வயரைக் கழற்றித் தீர்க்கப் பார்க்க வேண்டாம். அது உயிரோடு விளையாட்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கேட்கத் தொடங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு மற்ற நாள் பாருங்கள்.

பிளேயரைத் தயார்ப்படுத்தல்

பழைய, கனமான பிளேயர்கள் பலவற்றின் அடிப்பக்கத்தில் பயணப் பூட்டு ஆணிகள் இருக்கும். லேசர் பொறியை அசையாமல் பிடித்து வைப்பவை அவை. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வந்த பிளேயர் வட்டை வாசிக்கவில்லை என்றால், பழுது என்று முடிவெடுக்க முன் கவிழ்த்து அந்த ஆணிகளைப் பாருங்கள். கழற்றிய ஆணிகளை ஒரு சின்னப் பையில் போட்டு அடியிலேயே ஒட்டிவையுங்கள்.

ஏசி வாகனத்திலோ ஏசி அறையிலோ இருந்த பிளேயரை நமது ஈரக் காற்றுக்குள் கொண்டுவந்தால் லென்சில் பனிபோல் நீர் படியும். மாரிக்காலத்தில் இது நிச்சயம். பெட்டியைத் திறந்து, கரண்ட் கொடுக்காமல் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பிறகு போட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்ட பின்னரே கேளுங்கள்.

சோளகம் எழுப்புகிற புழுதி லென்சில் மெல்லிய படையாக ஒட்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அதோடு உப்பும் சேரும். துப்புரவாக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு சொட்டு, பஞ்சுக் குச்சி ஒன்று. லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குவதால் குச்சியின் பாரம் மட்டும் படும்படி ஒருமுறை தடவினால் போதும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் வேண்டாம். அதில் கலந்திருக்கும் எண்ணெய் லென்சில் படலமாக நின்றுவிடும். இறுவட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடும். பிழைதிருத்தும் முறையால் சுமார் 2.5 மில்லிமீற்றர் நீளப் பழுதை முழுமையாகச் சரிசெய்ய முடியும். குறுக்குக் கீறல் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும்; தடத்தோடு போகும் கீறல் அடங்காது.

அறையும் கதிரையும்

சீமெந்துச் சுவர், மாபிள் தரை, உயரமான கூரை. நமது விறாந்தைகளும் முன்னறைகளும் சத்தத்தை எதிரொலிக்கப் பிறந்தவை. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். "சிர்ர்" என்று ஒரு வால் கேட்டால், எந்த இரண்டு பிளேயருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை விட அந்த வால் பெரியது. தடித்த கம்பளம் ஒன்றை ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் விரியுங்கள், யன்னல் திரைகளை இழுத்துவிடுங்கள், பக்கச் சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். பன்பாய் இதற்கு உதவாது, அது மெல்லிசு.

கதிரையின் நாலு காலையும் தரையில் ரேப் ஒட்டி அடையாளமிடுங்கள். 10 கிலோஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்ரிமீற்றர்தான். தலை ஒரு சாண் நகர்ந்தாலே மேல்சுரங்கள் மாறிக் கேட்கும். ஒரு பிளேயருக்குச் சாய்ந்தும் மற்றதுக்கு முன்னுக்குக் குனிந்தும் இருந்தால் நீங்கள் ஒப்பிட்டது உங்கள் தலையைத்தான்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதன் இரைச்சல் ஒரு பக்கம், இறக்கைகள் ஒலியை வெட்டுவது இன்னொரு பக்கம். ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, முடிந்தால் தை, மாசிக் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஒலிபெருக்கியும் காகமும் அப்போதுதான் ஓய்ந்திருக்கும்.

எந்த இறுவட்டு

ஒரே தொகுப்பு என்பது போதாது, ஒரே பதிப்பு வேண்டும். 1980களில் வந்த வட்டையும் பின்னர் மெருகேற்றி வெளியிட்ட வட்டையும் ஒப்பிட்டால் கேட்பது மெருகேற்றியவரின் கையை. வட்டின் கீழ்ப்பக்கத்தில் நடு ஓட்டையைச் சுற்றிப் பொறித்த எண்ணைச் சரிந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். இரண்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது பிரதி கிடைக்காவிட்டால் கணினியில் பிழை சரிபார்த்து நகலெடுத்து, எழுதிய வட்டை ஒன்றிலும் மூலத்தை மற்றதிலும் போடுங்கள். பாதியில் வட்டுகளை இடம்மாற்றினால் அந்தச் சந்தேகமும் தீரும்.

எஸ்.ஏ.சி.டி. (சுப்பர் ஓடியோ சிடி) விசயத்தில் கூடுதல் கவனம் தேவை. 1999இல் வந்த இந்த வகை வட்டுகள் பலவற்றில் இரண்டு படலம் உண்டு: ஒன்று சாதாரண சிடி (16 பிற், 44.1 கிலோஹேட்ஸ்), மற்றது 1 பிற், 2.8224 மெகாஹேட்ஸ். இரண்டு படலத்துக்கும் சத்த அளவும் மெருகேற்றலும் வேறாக இருக்கலாம். ஒரு பிளேயரில் ஒரு படலமும் மற்றதில் மற்றப் படலமும் ஓடிக்கொண்டிருக்க, "என்ன பெரிய வித்தியாசம்" என்று வியப்பது வழமையாக நடக்கிறது. முன்பக்கத் திரையில் எந்தப் படலம் என்று பாருங்கள். எஸ்.ஏ.சி.டி. படலத்தை ஓட்டும்போது பிளேயரின் கோஅக்சியல், ஒப்டிக்கல் டிஜிற்றல் வெளியீடுகளில் சத்தம் வராது. அது நகலெடுப்பைத் தடுக்கும் ஏற்பாடு. பழுதென்று திருத்தக் கொடுக்க வேண்டாம்.

சத்தத்தைச் சமப்படுத்தல்

எதை விட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள்.

காதாலோ கைத்தொலைபேசியின் சத்தமானியாலோ இதைச் செய்ய முடியாது. இலக்கு 0.1 டெசிபெல், வோல்ற்றில் அது சுமார் 1 சதவீதம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறச் சின்ன மல்ரிமீற்றர்களில் பலதுக்கு ஏசி அளவு 200, 750 என்று இரண்டே படிதான் உண்டு. 200 படியில் கடைசி இலக்கம் 0.1 வோல்ற். 1 வோல்ற்றை அளக்கும்போது அதுவே 10 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 1 டெசிபெல். இந்த வேலைக்கு அது பயன்படாது. ஏசி 2, 4 அல்லது 6 வோல்ற் படியில் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் காட்டும் மீற்றர் வேண்டும். ரேடியோ திருத்துபவர் எவரிடமும் இரவல் வாங்கலாம்.

1. கணினியில் ஓடாசிற்றி மென்பொருளைத் திறந்து, 44100 வீதத்தில், 400 ஹேட்ஸ் சைன் அலை, வீச்சு 0.1, நேரம் 2 நிமிசம் என்று ஒரு தடம் உருவாக்குங்கள். வீச்சு 0.1 என்பது உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழே. இரண்டாவதாக 10,000 ஹேட்ஸ், வீச்சு 0.03, அரை நிமிசத்தில் ஒன்று. இரண்டையும் 16 பிற் வேவ் கோப்பாக்கி, ஓடியோ சிடியாக எழுதுங்கள். தரவு வட்டாக எழுதினால் பல பிளேயர்கள் வாசிக்காது.

2. அம்பிளிபயரின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு முதல் பிளேயரில் வட்டைப் போடுங்கள். ஸ்பீக்கர் கொழுவியபடியே, மீற்றரின் முனைகளை ஸ்பீக்கரின் பின்பக்கத் திருகுகளில் வையுங்கள். அம்பிளிபயர் பக்கம் வைக்க வேண்டாம். அங்கே இடம் நெருக்கம், ஒரு முனை சறுக்கி இரண்டையும் தொட்டால் அம்பிளிபயரின் வெளியீட்டு ட்ரான்சிஸ்ரர் போய்விடும்.

3. மெல்ல ஏற்றி 1.000 வோல்ற்றுக்கு வாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் இது 0.125 வாற்தான். சங்கீதத்தின் உச்சங்கள் இதே இடத்தில் 12 வாற் வரை போகும். வீட்டுக்குத் தேவையான சத்தம். பொத்தானைத் தொடாமல் மற்றப் பக்க ஸ்பீக்கரையும் அளந்து எழுதுங்கள்.

4. அதே வட்டை இரண்டாவது பிளேயருக்கு மாற்றி, அம்பிளிபயரில் உள்ளீட்டை மட்டும் மாற்றி அளவுங்கள். 1.150 என்று வந்தால் அது 1.2 டெசிபெல் கூட.

5. சத்தம் கூடிய பிளேயரைக் குறையுங்கள். 0.990க்கும் 1.010க்கும் இடையில் கொண்டுவந்தால் முடிந்தது.

குறைக்கும் வழி எது என்பதில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். பிளேயரிலேயே மாறும் வெளியீடு இருந்தால் அதைப் பாவிக்கலாம். அம்பிளிபயரில் உள்ளீட்டுக்கு உள்ளீடு அளவு மாற்றும் வசதி இருந்தாலும் அது பெரும்பாலும் அரை டெசிபெல் படியாகத்தான் நகரும், போதாது. நம்பிக்கையான வழி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 10 கிலோஓம் பிரிசெட் (திருப்பி அளவை மாற்றும் தடை) வாங்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைப்பது. ஒரு ஓரக் காலுக்குப் பிளேயரிலிருந்து வரும் சிக்னல், மற்ற ஓரக் காலுக்குத் தரை வயர், நடுக் காலிலிருந்து அம்பிளிபயருக்கு. ஸ்குறூட்றைவரால் இடம், வலம் தனித்தனியே திருப்பலாம். இரட்டைப் பொத்தான் பொட்டென்சியோமீற்றரை விட இது நல்லது, ஏனென்றால் மலிவான இரட்டைப் பொட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நகராது.

இதில் மாட்டுப்படக்கூடிய ஓர் இடம் உண்டு. வால்வ் வெளியீட்டுப் பிளேயருக்கு 10 கிலோஓம் பாரமாக இருக்கலாம். அதன் வெளியீட்டுக் கப்பாசிற்றர் 1 மைக்ரோபரட் என்றால், 10 கிலோஓமோடு சேர்ந்து 16 ஹேட்ஸில் 3 டெசிபெல் இறக்கிவிடும். அதற்கு மேலேயும் கொஞ்சம் தேயும். அந்தப் பிளேயருக்கு 50 கிலோஓம் பிரிசெட்டும் அரை மீற்றர் கேபிளும் போடுங்கள்.

இனி 10,000 ஹேட்ஸ் தடம். இந்தச் சுருதியில் சாதாரண மீற்றர் காட்டும் எண் உண்மையாக இராது. ஆனால் இரண்டு பிளேயருக்கும் ஒரே பிழையைத்தான் காட்டும் என்பதால் ஒப்பீட்டுக்கு உதவும். 400 ஹேட்ஸில் இரண்டும் சமமாக இருந்து, இங்கே ஒன்று 0.300, மற்றது 0.275 என்று காட்டினால், இரண்டாவதின் மேல்சுரம் முக்கால் டெசிபெல் இறங்கியிருக்கிறது. டிஜிற்றல் வடி (அலையாக்க முன் எண்களைச் செப்பனிடும் பகுதி) இல்லாமல் செய்த பிளேயர்களில் சரியாக இந்த அளவுதான் இறங்கும். 20 கிலோஹேட்ஸில் அது 3.2 டெசிபெல் ஆகும். "இதமான, வெதுவெதுப்பான ஒலி" என்று விளம்பரத்தில் படிப்பதன் காரணம் பல வேளை இதுதான். அதைக் குறை என்று சொல்ல மாட்டோம். ஆனால் காரணம் தெரிந்து பிடித்துப்போக வேண்டும்.

ஒரு பிளேயரை எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முனைப் பிளக்) வழியாகவும் மற்றதை ஆர்.சி.ஏ. (வழமையான ஒற்றை முனைப் பிளக்) வழியாகவும் கொழுவ வேண்டாம். எக்ஸ்.எல்.ஆர். பொதுவாக 4 வோல்ற், 6 டெசிபெல் கூட. ஏவி ரிசீவர் பாவிப்பவர்கள் "டிறெக்ற்" நிலையில் வைக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் உள்ளே வரும் ஒலியை ரிசீவர் திரும்ப டிஜிற்றலாக்கி, தன் சொந்தச் சிப்பால் வாசிக்கும். பிளேயரின் சிப்பு எதுவாக இருந்தாலும் நீங்கள் கேட்பது ரிசீவரின் சிப்பை. 2.5 வோல்ற் தரும் பிளேயரின் ஒலி சில ரிசீவர்களின் உள்ளீட்டில் முட்டி உடைவதும் உண்டு.

கண்ணை மறைத்துக் கேளுங்கள்

இரண்டு வட்டையும் ஒரே தடத்தில் நிறுத்திவைத்து, இரண்டு றிமோட்டையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒன்று முந்தினால் அதை ஒரு கணம் நிறுத்தி விடுங்கள். நாலைந்து முறையில் கை பழகிவிடும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் எதிரொலிபோல் கேட்காத அளவுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பிந்துவதை வைத்தே காது பிளேயரை அடையாளம் கண்டுவிடும்.

வீட்டில் இருக்கிற பிள்ளையொன்றை அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளை நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் முதல் பிளேயர், தலை விழுந்தால் இரண்டாவது என்று ஒரு தாளில் எழுதி உள்ளீட்டை மாற்றட்டும். மாற்றத் தேவையில்லாத முறையும் பொத்தானை அப்பால் திருப்பி இப்பால் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் "டிக்" சத்தமே விடையைச் சொல்லிவிடும். அம்பிளிபயரின் திரையைச் சீலைத்துண்டால் மூடுங்கள். காற்றுத் துவாரங்களை மூட வேண்டாம். பிள்ளை கதைக்கக் கூடாது, முகமும் தெரியக் கூடாது.

16 தடவை கேட்டு, முதல் பிளேயரா இரண்டாவதா என்று 16 விடை எழுதுங்கள். 12 சரியென்றால் வித்தியாசம் உண்மையாகவே கேட்கிறது என்று எடுக்கலாம். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் வாய்ப்பது நூறில் நாலுக்கும் குறைவு. 9, 10 என்றால் அன்றைக்குக் கேட்கவில்லை என்றே அர்த்தம். ஒரேயடியாக 16ஐயும் முடிக்காமல் எட்டுக்குப் பிறகு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள். களைத்த காது எல்லாவற்றுக்கும் "ஒன்றுதான்" என்று சொல்லும்.

எதைக் கேட்பது

ஒவ்வொரு துண்டும் 10 முதல் 20 வினாடி. ஒலியின் நுணுக்கத்தை மனம் அதற்கு மேல் வைத்திருக்காது. முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டுவிட்டு மற்றதில் கேட்டால் நினைவில் நிற்பது பாட்டுத்தான்.

இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரமும் தவிலும் வளர்த்த ஊர்கள். கோயில் வீதியில் அந்த ஒலியை நாலடி தள்ளி நின்று கேட்டு வளர்ந்த காது நமக்கு இருக்கிறது. விலை கொடுத்து வாங்க முடியாத அளவுகோல் அது, பாவியுங்கள். நாதஸ்வரத்தில் மேற்சுரங்கள் அடர்த்தியாக நிற்கும். மேல் ஸ்தாயியில் நீட்டிப் பிடிக்கும் கார்வையில் கரகரப்புத் தட்டுகிறதா என்று கேளுங்கள். தவிலில் வலந்தலையில் கூடுகள் விழும் அடி ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று கரைகிறதா என்று பாருங்கள்.

பழைய நாடாப் பதிவிலிருந்து இறுவட்டாக்கிய கச்சேரிகளை ஒதுக்க வேண்டாம். அதில் கேட்கும் "ஸ்ஸ்" என்ற நாடா இரைச்சல் ஒப்பீட்டுக்கு மிக நல்ல கருவி. சங்கீதம் கணத்துக்குக் கணம் மாறும், இரைச்சல் மாறாது. ஒரு பிளேயரில் அது மணல் கொட்டுவது போலவும் மற்றதில் தவிடு கொட்டுவது போலவும் கேட்டால் மேல்சுர அளவில் வித்தியாசம் உண்டு. கைதட்டலும் இப்படித்தான் உதவும். தம்புராவின் மீட்டு தேய்ந்து மறையும் கடைசி வினாடியில் பின்னணி இரைச்சலைக் கேளுங்கள். அதற்காகச் சத்தத்தை ஏற்றினால் அடுத்த தடம் தொடங்க முன் இறக்க மறக்காதீர்கள். ஸ்பீக்கரில் மேல்சுரம் தரும் ட்வீற்றர்கள் எரிந்துபோவது இப்படித்தான். உச்சத்துக்கு அழுத்திப் பதித்த புதிய சினிமாப் பாட்டு வட்டு ஒன்றும் வைத்திருங்கள். வட்டில் பதிந்த எண்களுக்கு (மாதிரிகளுக்கு) இடையில் அலை எல்லையைத் தாண்டும்போது சில சிப்புகளில் ஒலி உடையும், சில தாங்கும்.

வித்தியாசம் கேட்டால் ஏன்

கீறாத ஒரு வட்டை இரண்டு ஒழுங்கான பிளேயர்கள் வாசித்தால் வெளிவரும் எண்கள் ஒன்றேதான். பொறி விலை கூடியது என்பதற்காக எண்கள் மாறா. மாறக்கூடியவை அதற்குப் பிறகு வருபவை: டிஜிற்றல் வடி, எண்களை அலையாக்கும் சிப்பு, அதற்குப் பின்னுள்ள அனலொக் பகுதி, மின்வழங்கி. நவீன பிளேயர்களில் கடிகாரத் துடிப்பின் அலைவு பெரும்பாலும் காதுக்கு எட்டாத அளவில்தான் இருக்கும். அதற்காக மட்டும் பெருந்தொகை கொடுக்க வேண்டாம். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகு நல்ல இரண்டு பிளேயர்கள் பிரித்தறிய முடியாமல் போவது அடிக்கடி நடக்கும். அப்போது மிச்சப்படும் பணத்தை ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போடுங்கள். அங்கே மாற்றம் மறைத்துக் கேட்காமலே தெரியும்.

வெளி டிஏசி (எண்களை அலையாக்கும் தனிப் பெட்டி) ஒன்றை ஒப்பிடும்போது ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. சில டிவிடி பிளேயர்கள் கோஅக்சியல் வழியாக 44.1ஐ 48 கிலோஹேட்ஸாக மாற்றி அனுப்பும். மெனுவில் தேடி நிறுத்துங்கள். இரண்டாவது, 1980களின் சில யப்பானிய வட்டுகளில் மேல்சுரத்தைத் தூக்கிப் பதித்திருப்பார்கள். பிளேயர் அதை அடையாளம் கண்டு இறக்கும். சில வெளி டிஏசிகள் கண்டுகொள்ளா. அப்போது உச்சத்தில் 10 டெசிபெல் வரை கூடி, குரலில் "ச", "ஸ" எல்லாம் கீச்சிடும்.

2020 ஒக்டோபரில் யப்பானின் நோபெயோக்காவில், எண்களை அலையாக்கும் சிப்புகளைச் செய்யும் ஏகேஎம் கம்பனியின் தொழிற்சாலை எரிந்தது. அதன் பின் பல கம்பனிகள் வேறு சிப்புக்கு மாறின. ஆகவே பழைய விமர்சனத்தை நம்பி வாங்கும்போது, உங்களுக்கு முன்னால் இருக்கும் பிளேயருக்குள் அதே சிப்புத்தானா என்று கேளுங்கள்.

இங்கே வைத்து வாழக்கூடியதா

மறைத்துக் கேட்டதில் இரண்டும் சமம் என்றால், எதைத் திருத்த முடியும் என்பதே தீர்மானிக்கட்டும். லேசர் தேய்கிற பாகம். சொனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எப்-பி101 போன்றவை ஏராளமான பிளேயர்களில் இருந்தவை, இன்றும் தேடினால் மாற்றுப் பாகம் கிடைக்கும். ஆடும் கையொன்றில் லேசரை வைத்த பிலிப்ஸின் பழைய பொறிகள் உற்பத்தி நின்று வெகுகாலம். ஒப்போ 2018இல் பிளேயர் செய்வதையே நிறுத்திவிட்டது. ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவற்றை வாங்குவது பாகம் கையில் இருந்தால் மட்டும்.

பாவித்த பிளேயரில் லேசரின் நிலையை இப்படிப் பாருங்கள். வட்டைப் போட்டதும் தடங்களின் எண்ணிக்கை சில வினாடிக்குள் வர வேண்டும். பத்து வினாடிக்கு மேல் தடவினால் சந்தேகம். கணினியில் எழுதிய வட்டைப் போடுங்கள். களைத்த லேசர் முதலில் கைவிடுவது அதைத்தான். பிறகு 70 நிமிசத்துக்கு மேல் நீளும் வட்டு ஒன்றின் கடைசித் தடத்துக்குப் போங்கள். சிடி உள்ளிருந்து வெளியே வாசிக்கும் என்பதால் கடைசித் தடம் விளிம்பில் இருக்கும், பொறியின் தள்ளாட்டம் அங்கே தெரியும். ஒரே கீறல் வட்டை இரண்டு பிளேயரிலும் போட்டுப் பாருங்கள். எது தாவாமல் போகிறதோ அதற்கு ஒரு புள்ளி கூடப் போடலாம். லேசர் பொறியிலுள்ள சின்னத் திருகைத் திருப்பி வலுவேற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சில மாதம் நன்றாக ஓடும், பிறகு லேசர் முழுக்கவே அணைந்துவிடும்.

லாச்சி தயங்கித் திறந்தால் பெரும்பாலும் றப்பர் பட்டிதான். நமது வெக்கையில் அது இளகிவிடும். மலிவான வேலை, விலை பேசலாம். இரவின் அமைதியில் ஒரு மீற்றர் தள்ளி இருந்து வட்டு சுழலும் சத்தத்தையும் கேளுங்கள். மெல்லிய ஆலாபனைக்கு நடுவே அந்த "விர்ர்" ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு நாளும் படும்.

இரவல் பிளேயரைத் திருப்பி அனுப்பும்போது வட்டை வெளியே எடுங்கள், அடியில் ஒட்டிவைத்த பூட்டு ஆணிகளைத் திரும்ப முடுக்குங்கள். லேபல் பக்கம் மேலே, பெட்டி படுத்தபடி, பஸ்ஸின் பின் சீற்றில் வேண்டாம்.